ஐந்து நாற்காலி: சீன அணியில் நம் நாட்டுப் பிள்ளைகள்

லூனாஸ் பட்டணமானாலும் சரி, பாடாங் செராய், கூலிம் பக்கத்துத் தோட்டங்களானாலும் சரி, இன்று பல வீடுகளில் இரவு நேரத்தில் கேட்கிற வாக்குவாதம் ஒன்றுதான். "இன்னும் அந்தப் போனைக் கீழே வைக்கலையா?" என்று அம்மா குரல் கொடுப்பார். "இருங்கம்மா, பாதியிலே விட்டா மத்த நாலு பேரும் தோத்துடுவாங்க" என்று அறைக்குள்ளிருந்து பதில் வரும்.

அந்த 'மத்த நாலு பேர்' யார் என்று நாம் கேட்பதில்லை. பிள்ளை தனியாக உட்கார்ந்து பொழுதை வீணாக்குகிறான் என்றே எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் அவன் ஐவரில் ஒருவன். கைப்பேசியில் ஆடும் மொபைல் லெஜெண்ட்ஸ் ஆகட்டும், கணினியில் ஆடும் டோட்டா 2 ஆகட்டும், இரண்டுமே ஐவருக்கு ஐவர் மோதும் விளையாட்டு. நம் பிள்ளைகள் இரவு கண்விழித்து ஆடுகிற இதே வகை விளையாட்டைத் தொழிலாகக் கொண்டு, சீன நாட்டுக்குப் போய், உலகப் பெரும்போட்டியின் இறுதி ஆட்டத்தில் உட்கார்ந்தவர்கள் நம் மலேசியாவிலும் இருக்கிறார்கள்.

அவர்கள் சம்பாதித்த பணத்தைப் பற்றிப் பேசுவோர் பலர். அவர்கள் உட்கார்ந்த நாற்காலி எத்தனை முறை ஆள் மாறியது என்பதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பிள்ளைகளைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டாவது கதையைத்தான்.

சம்பல் கம்பெனி வைத்த பெயர்

சீனாவில் எல்.ஜி.டி. என்றொரு அணி. 2009-ஆம் ஆண்டு முதல் இந்தப் பெயரோடு விளங்குவது. ஹாங்சோவ் நகரம் அதன் இருப்பிடம். பெயரின் மூன்று எழுத்துகளுக்கும் ஏதோ வீரதீர விளக்கம் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். குய்சோவ் மாநிலத்தில் மிளகாய்ச் சாந்து தயாரிக்கும் 'லாவ் கான் தியே' என்ற கம்பெனி ஆரம்பத்தில் இந்த அணிக்குப் பண உதவி செய்தது. அந்தப் பெயரின் சுருக்கமே எல்.ஜி.டி. நம்மூரில் தீபாவளிக் காற்பந்துப் போட்டிக்கு மளிகைக்கடைக்காரர் பனியன் வாங்கிக் கொடுத்து முதுகில் கடைப் பெயரை அச்சடிப்பதில்லையா, அதுபோலத்தான். சம்பல் போத்தலின் பெயர் உலக அரங்கு வரை போய்விட்டது.

அணியை நடத்தி வருபவர் ஒரு பெண்மணி. பான் ஜியே என்பது பெயர். விளையாட்டு உலகம் அவரை 'ரூரூ' என்று அழைக்கிறது. 2018 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற காற்பந்துக் கழகமான பாரிஸ் செயிண்ட் ஜெர்மெய்ன் இந்த அணியின் டோட்டா பிரிவோடு கைகோத்தது. அதனால் 2023-ஆம் ஆண்டு வரை அது 'பி.எஸ்.ஜி. எல்.ஜி.டி.' என்ற இரட்டைப் பெயரோடு ஆடியது.

டோட்டா 2 விளையாட்டின் உலகப் பெரும்போட்டிக்கு 'தி இண்டர்நேஷனல்' என்று பெயர். வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம் 2011-ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறது. எல்.ஜி.டி. அந்தப் போட்டியில் 2012-ல் மூன்றாம் இடம், 2015-ல் மூன்றாம் இடம், 2017-ல் நான்காம் இடம், 2018-ல் இரண்டாம் இடம், 2019-ல் மூன்றாம் இடம், 2021-ல் மீண்டும் இரண்டாம் இடம், 2023-ல் மூன்றாம் இடம். முதலிடம் மட்டும் கிட்டவே இல்லை. இவ்வளவு காலம் சிகரத்துக்கு ஒரு படி கீழேயே நின்ற அணி வேறொன்றைச் சொல்வது கடினம்.

பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு ஆட்கள் வேறு. தோட்டத்து மக்களுக்கு இது விளங்காத சங்கதி அல்ல. தோட்டம் கைமாறும், துரை மாறுவார், கிராணி மாறுவார், நிரை பிடித்து மரம் வெட்டியவர்கள் வேறு இடத்துக்குப் போவார்கள். சாலையோரத்துப் பெயர்ப்பலகை மட்டும் அப்படியே நிற்கும்.

ஐவருக்கு ஐந்து வேலை

ஆள் மாற்றத்தின் வலி தெரியவேண்டுமானால் முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கோட்டைகள், இடையில் ஒரு ஆறு, மூன்று பாதைகள், நடுவே காடு. எதிரியின் கோட்டைக்குள் இருக்கும் மூல ஸ்தானத்தை எந்தப் பக்கம் முதலில் தகர்க்கிறதோ அந்தப் பக்கம் வெற்றி. நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆடுவார்கள். எதிரியை வீழ்த்தினால் பொற்காசு. பொற்காசு சேர்ந்தால் ஆயுதம். ஆயுதம் சேர்ந்தால் பலம்.

கவனியுங்கள், களத்தில் கிடைக்கும் காசு ஐவருக்கும் போதாது. யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொண்டாக வேண்டும். அதனால்தான் ஒன்று முதல் ஐந்து வரை இடங்கள் வைத்திருக்கிறார்கள்.

முதல் ஆள் ரப்பர் கன்றைப் போல. ஆரம்பத்தில் ஒன்றுக்கும் உதவமாட்டான். மற்றவர்கள் பாதுகாத்து வளர்த்துவிட்டால் கடைசியில் அவன்தான் பால் கொடுப்பான். இரண்டாம் ஆள் நடுப்பாதையில் எதிரியோடு தனித்து மோதுகிறவன். மூன்றாம் ஆள் எதிரிக்குச் சாதகமான பாதைக்குப் போய் அடிவாங்கிக்கொண்டே தொல்லை கொடுக்கிறவன். நான்காம் ஆள் எல்லாப் பக்கமும் ஓடி உதவுகிறவன்.

ஐந்தாம் ஆளின் வேலைதான் விசித்திரமானது. காசு சேர்ப்பது அவன் வேலை அல்ல. கையில் வரும் கொஞ்சக் காசையும் காட்டுக்குள் காவல் கண்கள் பதிக்கவும், முதல் ஆளைக் காப்பாற்றவுமே அவன் செலவிடவேண்டும். தேவைப்பட்டால் முதல் ஆள் தப்பிக்கத் தான் சாகவேண்டும். ஆட்டம் முடிந்து கணக்குப் பார்க்கும்போது பட்டியலின் அடியில், ஏழையாக, அதிகம் செத்தவனாக அவன் பெயர் இருக்கும். கைதட்டல் முதல் ஆளுக்குப் போகும். ஆனால் அந்த ஐந்தாம் ஆள் சரியில்லை என்றால் முதல் ஆள் வளரவே மாட்டான். குடும்பத்தில் மூத்த பிள்ளை படிப்பை நிறுத்தி வேலைக்குப் போய்த் தம்பி தங்கைகளை ஆளாக்கிய வீடுகளில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வான்கூவரில் ஒரு மலேசியர்

சீனாவுக்குப் போன முதல் மலேசிய நட்சத்திரம் என்று 'முஷி' என்ற சாய் யீ பங்கைப் பலர் நினைவுகூர்வார்கள். 2013-ஆம் ஆண்டு மலேசியாவின் ஆரஞ்ச் அணி உலகப் பெரும்போட்டியில் மூன்றாம் இடம் பிடித்தபோது அதில் இருந்தவர். பிறகு சீனாவின் டி.கே. அணி அவரை அழைத்துக்கொண்டது. சிங்கப்பூரிலிருந்தும் ஒருவரைச் சேர்த்து அமைத்த அந்த ஐவர் அணி 2014-ல் நான்காம் இடம் பெற்றது. அதோடு அந்த ஐவரும் பிரிந்தார்கள்.

அடுத்து வந்தவர் 'எக்ஸ்நோவா' என்ற யாப் ஜியான் வெய். மலேசியர். எல்.ஜி.டி. அணியில் அவருக்குக் கிடைத்தது ஐந்தாவது நாற்காலி.

2017-ல் நான்காம் இடம் பெற்ற எல்.ஜி.டி.யின் ஐவரில், அடுத்த ஆண்டுப் பெரும்போட்டிக்கு மிஞ்சியவர்கள் இருவர் மட்டுமே: முதல் இடத்தில் 'ஆமே' என்ற வாங் சுன்யு, நடுப்பாதையில் 'மேபி' என்ற லூ யாவ். புதிதாக வந்தவர்கள் மூவர்: 'சாலிஸ்', 'எப்.ஒய்.', நம் யாப். புது ஐவரும் ஒட்டிக்கொண்ட வேகம் எல்லாரையும் வியக்கவைத்தது. 2018 மே மாதத்தில் மாஸ்கோவில் ஒரு பெரிய போட்டியையும், சீனாவின் சாங்ஷா நகரில் இன்னொன்றையும் அடுத்தடுத்து வென்றார்கள்.

ஆகஸ்டு மாதம் கனடாவின் வான்கூவர் நகரில் உலகப் பெரும்போட்டி. பரிசுத் தொகை மொத்தம் இரண்டரைக் கோடி அமெரிக்க டாலருக்கு மேல். இறுதி ஆட்டத்தில் எதிரே ஐரோப்பாவின் ஓ.ஜி. அணி. அந்த அணியின் கதை இன்னும் வேடிக்கை. போட்டிக்குச் சில மாதங்களுக்கு முன்னே அதன் ஆட்கள் இருவர் விட்டுப் போய்விட்டார்கள். பயிற்சியாளராக இருந்தவரே நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. பெரிய மேடையையே பார்த்திராத பின்லாந்துப் பையன் ஒருவனைப் பிடித்து நடுப்பாதையில் நிறுத்தினார்கள். தகுதிச் சுற்றின் அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தார்கள்.

ஐந்து ஆட்டங்களில் மூன்றில் வென்றவருக்கே கோப்பை. முதல் ஆட்டம் ஓ.ஜி.க்கு; அடுத்த இரண்டும் எல்.ஜி.டி.க்கு. இன்னும் ஒன்று வென்றால் போதும். நான்காம் ஆட்டத்தில் வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கேதான் ஆட்டம் புரண்டது. நான்காவதையும் ஐந்தாவதையும் ஓ.ஜி. எடுத்துக்கொண்டது. மூன்றுக்கு இரண்டு.

இரண்டாம் பரிசாக எல்.ஜி.டி.க்குக் கிடைத்தது சுமார் 40 லட்சம் அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஒன்றரைக் கோடி வெள்ளிக்கு மேல். கசப்பான செய்தி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனாலும் ஒரு கை தூரத்தில் இருந்த கோப்பை வேறொருவர் கைக்குப் போன நினைவு பணத்தால் ஆறுவதில்லை.

நாற்காலி மாறிய வகை

அதே ஐவர் 2019-லும் சேர்ந்து ஆடி மூன்றாம் இடம் பெற்றார்கள். பிறகு ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். 2020 செப்டம்பரில் எல்.ஜி.டி. புதிய ஐவரை அறிவித்தபோது, பழையவர்களில் மீதம் இருந்தவர் ஆமே ஒருவரே. நம் யாப் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் இன்னொரு மலேசியர் இருந்தார். 'நத்திங் டு சே' என்ற செங் ஜின் சியாங். 'சொல்வதற்கு ஒன்றுமில்லை' என்பதே அந்தப் புனைபெயரின் பொருள். அவருக்கு நடுப்பாதை. அவரோடு 2016-ல் விங்ஸ் என்ற அணியில் உலகக் கோப்பையைத் தூக்கிய இருவரும் வந்து சேர்ந்தார்கள். அந்த விங்ஸ் அணி கோப்பையை வென்ற மறு ஆண்டே கலைந்துபோனது என்பதையும் இங்கே நினைவில் வையுங்கள். பயிற்சியாளர் ஜாங் நிங். ஒரு காலத்தில் எல்.ஜி.டி.யில் ஆடிவிட்டு, 2014-ல் வேறு அணியின் தலைவராக இருந்து கோப்பை வென்றவர். இப்போது தாய்வீட்டுக்கே திரும்பி வந்திருந்தார்.

2020-ல் நடக்கவேண்டிய பெரும்போட்டி கோவிட் நோயால் தள்ளிப்போய், 2021 அக்டோபரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. பரிசுத் தொகை நான்கு கோடி அமெரிக்க டாலர். இந்த விளையாட்டு உலகம் அதுவரை கண்டிராத தொகை. எல்.ஜி.டி. வெல்லும் என்றே பலர் எதிர்பார்த்தார்கள். இறுதி ஆட்டத்தில் ரஷ்யாவின் டீம் ஸ்பிரிட் அணி இளைஞர்கள் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றுவிட்டார்கள். எல்.ஜி.டி. விடவில்லை, அடுத்த இரண்டையும் வென்று சமன் செய்தது. ஐந்தாவது ஆட்டம் ஸ்பிரிட்டுக்குப் போனது. மறுபடியும் மூன்றுக்கு இரண்டு. ஆமேக்கு அது இரண்டாவது அடி.

2022 அக்டோபரில் பெரும்போட்டி நம் பக்கத்து வீடான சிங்கப்பூருக்கே வந்தது. ஜொகூர் பாலத்தைத் தாண்டிப் பல மலேசியர் பார்க்கப் போனார்கள். எல்.ஜி.டி. முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. அந்த ஐவரும் கலைந்தார்கள். 2023-ல் ஆடிய ஐவரில் செங் ஜின் சியாங்கும் ஐந்தாம் ஆளும் மட்டுமே பழையவர்கள். 'ஷிரோ', 'நியு', 'பிளானட்' என்ற மூன்று புதுப்பெயர்கள்.

கணக்கைப் பாருங்கள். 2018-ல் வான்கூவர் மேடையில் அமர்ந்த ஐவரில் ஒருவர்கூட 2023-ல் அந்தப் பெயரின் கீழ் இல்லை. ஐந்தே ஆண்டு. பால் மரம் ஒன்று நட்டு வெட்டுக்கு வருவதற்குள் ஐந்து நாற்காலியிலும் ஆள் மாறிவிட்டது.

அதே 2023 போட்டியில் எல்.ஜி.டி. மூன்றாம் இடம். நான்காம் இடத்தில் வந்தது அஸூர் ரே என்ற இன்னொரு சீன அணி. அதில் யார் யார்? மேபி, சாலிஸ், எப்.ஒய்., நம் யாப். 2018-ல் ஆடிய ஐவரில் நால்வர் வேறொரு பெயரின் கீழ் மீண்டும் கூடியிருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் அஸூர் ரே கெந்திங் மலைக்கு வந்து நடந்த பெரிய போட்டியில் வென்றும் போனது. பெயர் ஒரு பக்கம், ஆட்கள் ஒரு பக்கம். ரசிகன் எந்தப் பக்கம் நிற்பது?

ஏன் இந்த ஆட்டம் காணுதல்?

இதற்குக் காரணங்கள் உண்டு.

ஒன்று, ஆட்டமே மாறிக்கொண்டிருக்கிறது. காற்பந்தின் கோல்கம்பம் நூறு ஆண்டானாலும் அதே அளவு. டோட்டாவின் விதிகளையோ வால்வ் நிறுவனம் ஆண்டில் பலமுறை திருத்துகிறது. நேற்று வரை பலமாக இருந்த பாத்திரம் இன்று பலவீனம். பழகிய கையைத் திருப்பிப் பழக்கவேண்டும். முடியாதவர் பின்தங்குவார்.

இரண்டு, உடம்பும் மனமும். சீன அணிகளில் ஆட்டக்காரர்கள் ஒரே இடத்தில் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, மதியம் தொடங்கி இரவு நெடுநேரம் வரை பயிற்சி செய்வது வழக்கம். வீடு இல்லை, உறவு இல்லை. இருபதுகளின் நடுவிலேயே களைத்துப் போகிறவர்கள் உண்டு.

மூன்று, தோல்வியின் பழி. காற்பந்தில் பதினொருவர் பகிர்ந்துகொள்வதை இங்கே ஐவர் சுமக்கிறார்கள். பெரிய போட்டியில் தோற்றதும் 'யாரை மாற்றலாம்' என்ற பேச்சு தொடங்கிவிடும். போட்டிப் பருவம் முடிகிற மாதம் ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்த மாதம். தொலைபேசி ஒலிக்கிறதா இல்லையா என்பதே அப்போது வாழ்க்கை.

நான்கு, பணம். பெரும்போட்டியின் பரிசுத் தொகை ரசிகர்கள் வாங்கும் பொருள்களின் விற்பனையிலிருந்து வந்தது. வால்வ் போட்ட முதல் 16 லட்சம் டாலர்; விற்பனையில் கால் பங்கு அதோடு சேரும். அப்படித்தான் 2021-ல் நான்கு கோடி ஆனது. 2023-ல் விற்பனை முறையை மாற்றியதும் தொகை 30 லட்சத்துக்குச் சற்று மேலே என்ற அளவுக்கு விழுந்துவிட்டது. இரண்டே ஆண்டில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே! ரப்பர் விலை விழுந்த காலங்களைக் கண்ட நமக்கு இந்தச் சரிவின் பொருள் தெரியும். மரம் அதே மரம், வெட்டுகிற கையும் அதே கை. விலை மட்டும் வேறு யாரோ எங்கேயோ எடுத்த முடிவு.

ஐந்து, அடுத்த தலைமுறை. 2021 செப்டம்பர் முதல் சீன அரசு, 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, பொதுவிடுமுறை நாள்களில் இரவு எட்டு முதல் ஒன்பது வரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று கட்டுப்படுத்திவிட்டது. பெற்றோருக்கு நிம்மதி. பதினைந்து பதினாறு வயதில் கைதேர்ந்து வரும் இளம் ஆட்டக்காரர்களை நம்பிய அணிகளுக்குத் தலைவலி. பழைய பெயர்களே அணி விட்டு அணி சுற்றி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஹம்பர்க்கில் அதே முகங்கள்

2025 செப்டம்பர், ஜெர்மனியின் ஹம்பர்க் நகரம். மீண்டும் உலகப் பெரும்போட்டியின் இறுதி ஆட்டம். ஒரு பக்கம் சவூதி அரேபியாவின் பால்கன்ஸ். மறுபக்கம் சீனாவின் எக்ஸ்ட்ரீம் கேமிங். எல்.ஜி.டி. என்ற பெயர் மேடையில் இல்லை. ஆனால் எக்ஸ்ட்ரீம் அணியின் நாற்காலிகளைப் பாருங்கள். முதல் நாற்காலியில் ஆமே. நான்காவதில் 2021-ல் எல்.ஜி.டி.க்காகப் புக்கரெஸ்டில் ஆடிய 'சின்க்யூ'. ஐந்தாவதில்? நம் யாப் ஜியான் வெய்!

ஏழு ஆண்டுகளுக்கு முன் வான்கூவரில் பக்கத்தில் உட்கார்ந்து தோற்ற முதல் ஆளும் ஐந்தாம் ஆளும், இடையில் எத்தனையோ பெயர்களின் கீழ் ஆடிவிட்டு, மறுபடியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறையும் ஆட்டம் ஐந்து வரை போயிற்று. இந்த முறையும் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். ஆமேக்கு மூன்றாவது முறை; யாப்புக்கும் சின்க்யூவுக்கும் இரண்டாவது முறை.

இதைப் படிக்கிறவர்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லலாம். சொல்லுங்கள், சொல்லவேண்டிய இடம்தான். ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆட்கள் இவ்வளவு வேகமாக உதிர்கிற தொழிலில், ஏழு ஆண்டு கழித்தும் உலகின் முதல் இரண்டு அணிகளில் ஒன்று இந்த மலேசியரைத் தேடி அழைத்திருக்கிறது. அவர் கோப்பையைத் தூக்கிக் காட்டியவர் அல்லர். பட்டியலின் அடியில் பெயர் வருகிறவர். தன் பங்கை விட்டுக்கொடுத்து அடுத்தவரை வளர்க்கத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரோடு சேர்ந்து உட்கார யாரும் தயங்குவதில்லை. நாற்காலி மாறினாலும் அவருக்கு ஒரு நாற்காலி இருந்துகொண்டே இருந்தது.

இன்னொரு பாடமும் இதில் உண்டு. சீன அணியில் பேச்சு முழுவதும் மாண்டரின் மொழியில். நொடிக்கு நொடி கத்திச் சொல்லி ஆடுகிற ஆட்டத்தில் மொழி தெரியாதவனுக்கு வேலை இல்லை. மலேசியச் சீனப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அந்தக் கதவைத் திறந்துவிட்டது. இரண்டு மூன்று மொழி பேசும் நாட்டில் பிறப்பது பாரம் அல்ல, முதல். தமிழும் மலாயும் ஆங்கிலமும் வீட்டிலும் பள்ளியிலும் கடைத்தெருவிலும் நம் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. அதைக் கூர்தீட்டிக்கொள்ளச் சொல்வது பெற்றோர் கடமை.

நம் வீட்டுக்கு வருவோம்

"என் மகனும் இப்படி ஆகவேண்டும் என்கிறான். என்ன செய்வது?" என்று கேட்கும் தாய் தந்தையருக்கு இரண்டு பதில்களுமே தவறு. 'உருப்படாத விளையாட்டு' என்று ஏசி விரட்டுவதும் தவறு. 'கோடி கோடியாய்க் கொட்டுமாம்' என்று பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்துவதும் தவறு.

விளையாட்டு என்ற மதிப்பு இதற்கு இப்போது வந்துவிட்டது. 2019-ல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியிலும், 2023-ல் எல்.ஜி.டி.யின் ஊரான ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியிலும் இதற்குப் பதக்கம் கொடுத்தார்கள். நம் அரசாங்கமும் 2019-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு கோடி வெள்ளி ஒதுக்கியது. ஆகவே பிள்ளை சொல்வது வெறுங்கனவு அல்ல.

அதே சமயம் இது குறுகிய வாசல். ஓர் அணிக்கு ஐந்து நாற்காலி. உலகம் முழுவதும் ஆடுகிறவர்களோ கோடிக்கணக்கில். நாற்காலி கிடைத்தவருக்கும் அது நிரந்தரம் அல்ல என்பதை மேலே பார்த்தோம். உலகக் கோப்பை வென்ற அணியே மறு ஆண்டு கலைந்துபோனதைப் பார்த்தோம்.

எனவே பிள்ளையிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உன் குழுவில் நீ எத்தனையாவது ஆள், அந்த இடத்தின் வேலை என்ன? தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்த்து உன் பிழையைத் தேடுகிறாயா, இல்லை மற்ற நால்வரை ஏசுகிறாயா? உன்னைவிடக் கெட்டிக்காரனோடு எந்தப் போட்டியில் மோதியிருக்கிறாய்? பதில் தெளிவாக வந்தால் அவன் விளையாட்டுக்காரன். பள்ளிப் பாடத்தை விடாமல் போட்டிகளுக்கு அனுப்பிப் பாருங்கள். பதில் வரவில்லை என்றால் அது பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்குரிய நேரத்தை மட்டும் கொடுங்கள்.

நேரத்தையும் மறந்து, ஊணையும் உறக்கத்தையும் விட்டு, நிறுத்தச் சொன்னால் நிறுத்த முடியாமல், படிப்பு கெட்டும் தொடர்ந்துகொண்டே போனால் அது வேறு சங்கதி. உலகச் சுகாதார நிறுவனம் விளையாட்டு அடிமைத்தனத்தை 2022 முதல் நடைமுறைக்கு வந்த தன் நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. அந்த நிலைக்கு ஏச்சும் அடியும் மருந்தாகாது. மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும்.

லூனாஸ் பகுதிப் பெற்றோருக்கு இன்னொரு வசதியும் கண்ணெதிரே இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. கணினியின் முன் உட்கார்ந்து பழகிய பிள்ளைக்கு அதன் உள்ளே இருக்கும் சில்லைப் பற்றியும் ஆர்வம் ஊட்டிவிட்டால், நாற்காலி கிடைக்காத நாளிலும் கைத்தொழில் ஒன்று அவனுக்கு இருக்கும். அணியை நடத்துகிறவர், பயிற்சி கொடுப்பவர், வர்ணனை சொல்பவர், கருவிகளைப் பழுது பார்ப்பவர் என்று அந்த ஐந்து நாற்காலியைச் சுற்றி வேறு வேலைகளும் உண்டு.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. எல்லாரும் முதல் ஆளாகவே ஆக ஆசைப்படுகிறீர்கள். கைதட்டல் அங்கேதான் இருக்கிறது, உண்மை. ஆனால் அணிகள் கலையும்போதும், பெயர்கள் மறையும்போதும், 'இவன் நம்மோடு இருக்கட்டும்' என்று யாரைத் தேடி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். அடுத்தவன் வளரத் தன் காசைக் கொடுத்தவனைத் தேடுகிறார்கள். மலேசிய மண்ணில் பிறந்த ஓர் ஐந்தாம் ஆள் இதை ஏழு ஆண்டு ஆடிக் காட்டியிருக்கிறார்.